நல்ல கால் முதலில்

"பெஹலே அச்சா வாலா பைர்" என்று நல்ல காலைக் கேட்கிறார் டாக்டர் அச்சுதன், ஸ்கேன் ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கியபடி. "டாக்டர் சாப், டூட்டா தோ தூஸ்ரா!" என்று சிரிக்கிறார் படுத்திருக்கும் டெம்போ டிரைவர். உடைந்தது மற்ற கால்தான். அச்சுதன் சிரிப்பதில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். எலும்புகளைப் பிணைத்திருக்கும் தசைநார் தெரியாது. அதைத்தான் டில்லி புசா ரோட்டின் இந்தத் தரைத்தள அறையில் அவர் தேடுகிறார். ஒப்பிட்டுப் பார்க்க முதலில் நல்ல கணுக்காலை அளந்துகொள்வார். பிறகு உடைந்த காலின் பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்புவார். நார் அறுந்திருந்தால் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியும். வலியில் கத்துவார்கள். "ஏக் மினிட், பையா", ஒரு நிமிஷம் அண்ணா, என்பாரே தவிர, விடமாட்டார். ஸ்கேன் திரையை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். "எல்லாம் ரிப்போர்ட்ல எழுதியிருப்பேன்."

ஜனவரியில் ஒருநாள் அந்தப் பிடியை விட்டுவிட்டார். ரோஹிணி, லோதி ரோடு அலுவலகம் ஒன்றில் வேலை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தவர். கம்பளி சாக்ஸைக் கழற்றும்போது, "ஐயோ அம்மா" என்றார். தமிழ் கேட்டதும் அச்சுதனுக்கு முகம் மலர்ந்தது. இருவரும் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். பேச்சு நீண்டது, நல்ல காலைப் பார்க்கவே இல்லை. பாதத்தைத் திருப்பத் தொடங்கியதும் ரோஹிணி துடித்தார். நம்ம பெண்ணாயிற்றே என்று அச்சுதன் கையை எடுத்துவிட்டார். கணினியில் எப்போதும் தயாராக இருக்கும் 'தசைநார்கள் இயல்பாக உள்ளன' என்ற வரி அப்படியே அச்சாயிற்று. கையெழுத்திட்டார். தான் செய்தது கருணை என்றுதான் அன்று எண்ணிக்கொண்டார்.

போன வாரம் ரோஹிணி மறுபடி வந்தார், காலை விந்தியபடி, அதே ரிப்போர்ட்டோடு.

"எலும்பு சேந்துடுச்சு சார். ஆனா படி இறங்கினா கால் நழுவுது. வீட்டுக்காரர் இந்த ரிப்போர்ட்ட எடுத்து வச்சுக்கிட்டு, எல்லாம் நார்மல்னு டாக்டரே எழுதியிருக்காரே, ஏன் நடிக்கறேங்கறார். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான்தான் சோம்பேறியோன்னு."

"வேற இடத்துல காட்டலையா?"

"நீங்கதான் அன்னிக்கு வலிக்காம பாத்தீங்க. அதான் உங்ககிட்டயே வந்தேன்."

அச்சுதன் நல்ல காலை முதலில் கேட்டார். பிறகு மற்றதை. பாதத்தைத் திருப்பினார், ரோஹிணி துப்பட்டாவைக் கடித்துக்கொண்டார். இம்முறை கையை எடுக்கவில்லை. நல்ல காலில் இருந்ததைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இடைவெளி.

"இப்பவும் நார்மல்தானே சார்?"

நடுவில் இன்னொரு முறை கால் பிசகியிருக்கலாம் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ரோஹிணி அதையும் நம்பியிருப்பார். அதற்கும் நன்றி சொல்லியிருப்பார்.

அச்சுதன் கையிலிருந்த ஜெல்லைத் துடைத்தார். இரண்டு கைகளாலும் திரையைப் பிடித்து ரோஹிணி பக்கம் திருப்பினார். அதன் கீழே பழைய ரிப்போர்ட்டை, தன் கையெழுத்து அவருக்கு நேராகத் தெரியும்படி விரித்து, 'இயல்பாக உள்ளன' என்ற அந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்.