சாராளின் எடை மேடையில் ஒரு முயல்

மூன்று கிலோ அறுநூறு கிராம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் லாரி எடை மேடை ஒன்றில் பதினோரு ஆண்டாக வேலை பார்க்கும் சாராள், தன் கண்ணால் பார்த்த எடைகளிலேயே சின்னது அதுதான். இரும்புச் சுருள் ஏற்றிய வண்டி நாற்பது டன் காட்டினாலும் முகம் மாறாமல் சீட்டுக் கிழிப்பவள், பொன்னேரி கால்நடை மருத்துவர் வினோதாவின் தராசில் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள்.

தராசில் இருந்தது பொட்டு. நெற்றியில் கறுப்புப் புள்ளி வைத்த வெள்ளை முயல். இரண்டு வருடத்துக்கு முன் லாரி ஓட்டுநர் அப்பாவு தன் மகளுக்கென்று ஊத்துக்கோட்டையில் வாங்கினார். வீட்டில் மனைவி உள்ளே விடவில்லை. மறுநாள் அட்டைப்பெட்டியோடு எடை மேடைக்கு வந்து, "ரெண்டு நாளு பார்த்துக்கோமா" என்று சாராளிடம் கொடுத்தார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. பகலில் அது எடை மேடை கேபினில், இரவில் சாராளின் வீட்டில்.

பொட்டு பருத்ததற்கு யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. மேடையில் ஏற வரிசையில் நிற்கிற ஓட்டுநருக்குக் கையில் டீயும் பிஸ்கட்டும் இருக்கும், வேலை இருக்காது. கேபின் வாசலில் முயல் மூக்கை ஆட்டினால் பாதி பிஸ்கட் அதற்குப் போகும். யாரும் நிறையக் கொடுக்கவில்லை. எல்லாரும் கொடுத்தார்கள். கடைசியில் அவர்களே அதற்கு 'ஓவர்லோடு' என்று பெயரும் வைத்தார்கள்.

சாராளும் சிரித்தாள், அதன் பின்பக்கம் ஈ மொய்க்கிற வரைக்கும். உடம்பை வளைத்துத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ள அதனால் முடியவில்லை. அதனால்தான் கூடையில் வைத்து ரயிலேறி பொன்னேரிக்குக் கொண்டுபோனாள்.

"விலா எலும்பு கைக்கே தட்டலை பாருங்க," என்றார் வினோதா. "ஈ முட்டை போட்டுப் புழு வெச்சுதுன்னா ரெண்டு நாள் கூடத் தாங்காது. எடையைக் குறைச்சே ஆகணும். ஆனா மெதுவா. பிஸ்கட்டு, வாழைப்பழம் கிடையாது. புல்லு எவ்வளவு வேணா தின்னட்டும்."

மற்றதெல்லாம் சாராள் மனதில் நின்றது. 'மெதுவா' மட்டும் நிற்கவில்லை. அது ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம். வெள்ளிக்கிழமைகளில் அவள் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உபவாசம் இருந்தால் உடம்பு லேசாகிறது என்பது அவள் அனுபவம். எனக்கு நல்லது இதற்கும் நல்லதுதானே என்று அந்த வெள்ளிக்கிழமை பொட்டுவின் தட்டையும் காலியாகவே வைத்தாள்.

சாயங்காலம் தீனி வைத்தபோது முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சனிக்கிழமை காலை கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மூலையில் கூனிக் குறுகி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. கணவன் பென்னி பொன்னேரிக்குப் பைக்கை எடுத்தான்.

"உபவாசமா?" வினோதா தலையில் கை வைத்தார். "மேடம், முயல் வயிறு ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னுதுன்னா உயிருக்கே ஆபத்து. குண்டு முயலுக்கு இன்னும் ஆபத்து."

ஊசி போட்டு, கரைத்த புல்மாவும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்து அனுப்பினார். சாராள் அன்று வேலைக்குப் போகவில்லை. மடியில் துண்டை விரித்து, முயலின் வாயோரத்தில் சொட்டுச் சொட்டாகக் கூழை விட்டுக்கொண்டே இருந்தாள். ஜெபம் பண்ண வாய் வரவில்லை. தப்பு தன்னுடையது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மதியம் தாண்டி, உருக்காலையில் வேலையில் இருந்த பென்னிக்குப் போன் போட்டாள்.

"போட்ருச்சிங்க."

"இன்னா போட்ருச்சி?"

"புழுக்க. மூணு."

பென்னி அதை அங்கேயே சத்தமாகச் சொல்லிவிட்டான். தனக்குக் குழந்தை பிறந்தபோதுகூட இவன் இப்படிக் கத்தவில்லை என்று கூட இருந்தவர்கள் இன்றும் கிண்டல் செய்கிறார்கள்.

உயிர் தப்பியது. எடை அப்படியே இருந்தது. சிப்காட் சாலையோரப் புல்லில் கை வைத்தால் ஆலைக் கரி படிந்து விரல் கறுக்கும். அதை முயலுக்குப் போட முடியாது. கேபின் கதவில் 'தீனி போடாதீர்' என்று எழுதி ஒட்டினாள். ஒட்டிய மூன்றாம் நாள் அப்பாவு மாட்டினார்.

"ணா, கைல இன்னா?"

"ஒண்ணுமில்லமா. அர பிஸ்கட்டு."

"ஒவ்வொருத்தரும் அர அரயா குடுத்துத்தான் அது இப்டி கீது. செத்துப் பொழச்சி வந்துகீதுணா."

"தெரியும்மா. வாயப் பார்த்துக்கினே கீதே, எப்டி சும்மா போறது? ஒரே பேஜாரா கீது."

சாராள் அவரைத் திட்ட வாயெடுத்து நிறுத்தினாள். இந்த மனிதர்களைக் கொடுக்காதே என்று தடுக்க முடியாது.

"சும்மா போவாத. உங்க ஊரு பக்கம் வரப்புல அருகம்புல்லு கீதுல்ல? மருந்தடிக்காத எடமா பார்த்து அறுத்துக்கினு வா. வந்து உன் கையால குடு."

அடுத்த நடையில் அப்பாவு ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார். அதைப் பார்த்து இன்னொருவர் சோழவரம் ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்தார். எந்த ஊர்ப் புல்லை முயல் முதலில் கடிக்கிறது என்று ஓட்டுநர்களுக்குள் சண்டை வந்தது. சாராள் புல்லை அலசி, நிழலில் உலர்த்தி, கூண்டில் எப்போதும் நிரம்பியிருக்க வைத்தாள். கடையில் வாங்கும் முயல் தீனியை மட்டும் வாரா வாரம் ஒரு சிட்டிகை குறைத்தாள். கேபினுக்குப் பின்னால் வலை கட்டி, கொத்தமல்லித் தண்டை இந்த மூலையிலும் அந்த மூலையிலும் ஒளித்து வைத்து ஓட வைத்தாள்.

லாரி மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அதற்கு முயல் இருப்பதே தெரியாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மளிகைக்கடைத் தராசில், பிளாஸ்டிக் கூடையோடு நிறுத்து, வெறும் கூடையைக் கழிப்பாள். லாரிக்குச் செய்யும் அதே கணக்கு. ஒரு வாரம் எடை சட்டென்று இறங்கியபோது கடைக்காரர் கைதட்டினார். சாராள் தட்டவில்லை, அன்றே தீனியைக் கூட்டினாள்.

செப்டம்பரில் ஒரு காலை, மேடையில் ஏறிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வலைக்குள் பொட்டு உடம்பை வில்லாக வளைத்து, தன் முதுகையும் பின்பக்கத்தையும் தானே நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, சீட்டு குடு," என்றார் ஓட்டுநர்.

"இருப்பா. இத வந்து பாரு மொதல்ல."

அவரும் இறங்கி வந்து பார்த்தார். பின்னால் நின்ற மூன்று பேரும் வந்தார்கள். சாராள் இடுப்பில் கை வைத்து, பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளையை மேடையில் பார்க்கிற தாயைப் போல நின்றாள்.

அந்த வாரம் வினோதாவின் தராசில் இரண்டு கிலோ அறுநூறு. வினோதா தடவிப் பார்த்தார். விலா எலும்பு கைக்குத் தட்டியது. "நான் சொன்னேன். செஞ்சது நீங்க," என்றவர், தன்னிடம் குண்டு முயலோடு வரும் வேறு சிலருக்கு சாராளின் நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவள் சரி என்றாள். வருகிற சனிக்கிழமை பொன்னேரியிலிருந்து திலகவதி என்கிற ஆசிரியை, நான்கு கிலோ முயலோடு எடை மேடைக்கு வருகிறார்.