நுரையில் ஒரு முதலை

நான் காபி போடும் கடை, கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருக்கிறது. அதற்கு முன் கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் துணி சோதிக்கும் வேலை. அதை மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயதில் கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றேன்.

பயிற்சியில், நுரைத்த பாலைக் காபியின் மேல் ஊற்றும்போதே மணிக்கட்டை அசைத்து இதயம் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது ஒருநாளும் நேராக வந்ததில்லை. எட்டு மணி நேரம் நின்றே வேலை. மதியம் ஆனால் கால் வீங்கிவிடும். கோப்பையில் இதயம் எப்படி விழுந்தால் என்ன என்றுதான் இருந்தேன்.

அப்படி ஒரு மதியம்தான் அந்த அம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கோப்பையைக் கையில் வாங்கியவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதென்னங்க, கத்திரிக்காயா?"

மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. "ஆமாங்க, கத்திரிக்காய்தானுங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அந்த இடத்தில் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் என்றார். வாரத்துக்கு மூன்று நாள் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து போகிறார்கள். "அவரு உள்ள படுத்திருக்க, நான் நாலு மணி நேரம் வெளிய உக்கோந்திருக்கோணுங்க. சோறு எறங்க மாட்டேங்குது. காப்பிதான் எறங்குது."

அடுத்த முறை வந்ததும், "இன்னைக்கு என்னங்க காய்?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் ஒரு நீளக்கோடு ஊற்றி முருங்கைக்காய் என்றேன். அதற்கப்புறம் விட முடியவில்லை. பல்குத்தும் குச்சியால் நுரையைக் கீறிப் பாகற்காய்க்கு முள் வைத்தேன். புடலங்காய்க்குக் கோப்பை போதவில்லை, சுருட்டி வைத்தேன். பேருந்தில் வீடு திரும்பும்போது, வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் எத்தனை மூலை என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மேலாளர் ஒருநாள் பார்த்துவிட்டு, "இதயம், இலை, பூ. இந்த மூணுக்கு மேல எதுவும் வேண்டாங்க" என்றார். "நான்தானுங்க கேட்டேன்" என்று அந்த அம்மா சொன்னதும் நகர்ந்துவிட்டார்.

ஒருநாள் என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. பால் ஜக்கைத் தூக்குவதே பாடாக இருந்தது. எதுவும் வரையாமல் ஊற்றிக் கொடுத்துவிட்டேன். பழுப்பு விளிம்புக்குள் வெறும் வெள்ளை வட்டம். அந்த அம்மா கோப்பையை மெல்லச் சுழற்றிப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"தேங்கா மூடிங்களா? நம்ம தோப்புக் காயாட்டவே இருக்குதுங்க."

"ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன்.

சில வாரம் கழித்து, சக்கர நாற்காலியில் வீட்டுக்காரரையும் தள்ளிக்கொண்டு வந்தார். ஒடிசலான மனிதர். கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. உடுமலைப்பேட்டையிலேயே டயாலிசிஸுக்கு இடம் கிடைத்துவிட்டதாம், இனி இங்கே வர வேண்டியதில்லை என்று அந்த அம்மா சொன்னார்.

"எனக்கு அளந்துதான் தண்ணி குடுக்கறாங்க. காப்பி ஆகாதுங்க" என்றார் வீட்டுக்காரர். "சும்மா பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன். ஒவ்வொருக்காவும் வந்து இன்னைக்கு இந்தக் காய், அந்தக் காய்னு சொல்லுவா."

"உங்களுக்கு என்னங்க வேணும்?"

அவர் நிதானமாக யோசித்தார். "முதலை வருங்களா? அமராவதி டேம்ல கெடக்குமே, அது."

வரிசையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் குனிந்து வரைந்தேன். உடம்பு வந்தது, வால் வளைந்து வந்தது, கால்கள் நுரையில் கரைந்துபோயின. கோப்பையை அவர் மடியருகே நீட்டினேன்.

"பல்லியாட்ட இருக்குதுங்க" என்றேன்.

"குட்டி முதலைங்க" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். பிறகு மனைவியிடம் கோப்பையைக் கொடுத்து, "தலப்பக்கமிருந்து குடி. வால் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னபடியே அந்த அம்மா குடித்தார். வரிசையில் அடுத்தவர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தி, தனக்கும் ஒன்று வரைய முடியுமா என்று கேட்டார். கால் வலித்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன்.