சுத்தமான நான்கு ஏக்கர்

என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி நான்கு ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, உண்டு. நான்கே ஏக்கர்தான். அவர் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதி நிலம் அவருடையது என்று நினைத்துவிடுவீர்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். மச்சான் பட்டப்பகலில் தொப்பி போட்டுக்கொண்டு, கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நிற்பார். எஸ்டேட் துரைகள் அப்படித்தான் நிற்பார்களாம். அவருடைய அப்பா ஒரு துரையிடம் காலமெல்லாம் களைக்கொல்லி அடித்தவர். அப்பா முதுகில் சுமந்த மருந்து டாங்கை இப்போது நான் சுமந்தேன். தங்கை புருஷனாகப் பிறந்த பாவம்.

சனிக்கிழமைகளில் தீவில் இருக்கும் கெலுகோரிலிருந்து என் காரில்தான் போவோம். மச்சானுக்கு விவசாயம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: தரை மொட்டையாக இருக்க வேண்டும். மரத்தடியில் ஒரு பச்சை தெரிந்தால் அவருக்கு மானம் போய்விடும். அது பழைய எஸ்டேட் பயம். களை தெரிந்தால் மண்டோர், அதாவது கங்காணி, திட்டுவான், சோம்பேறி என்று பெயர் வரும். எஸ்டேட் வீட்டுமனையாகிவிட்டது, மண்டோரும் செத்துப் போய்விட்டான். ஆனால் அந்தப் பயத்தை மட்டும் எங்கள் ஆட்கள் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

பக்கத்து நிலத்துச் சீனர் தரையில் முளைத்த பெரணியை அப்படியே விட்டிருந்தார். வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கி வைத்திருந்தார். எவ்வளவு மழை பெய்தாலும் அவர் மண் அவரிடமே இருந்தது. மச்சான் அதைப் பார்த்துச் சிரிப்பார். "பாரு, காட்டுக்குள்ள நின்னு பழக்கொல வெட்றான். வெக்கமே இல்ல லா."

வெட்கமுள்ள எங்கள் மண்ணோ ஒவ்வொரு மழைக்கும் நிலத்தோரத்து வாய்க்காலுக்கு இறங்கிப் போனது. அங்கே அதைப் பாரிட் என்பார்கள். மரங்களின் வேர்கள் வெளியே தெரிய ஆரம்பித்தன. அதற்கு மச்சானின் வைத்தியம் இன்னும் நாலு மூட்டை உரம். அடுத்த மழையில் அந்த உரமும் பாரிட்டுக்குப் போனது. நான் முதன்முதலில் போனபோது பாரிட்டில் விரால் குஞ்சுகள் கூட்டமாகத் திரிந்தன. பிறகு பாசிதான் மிஞ்சியது. மீன்கள் எங்கே என்று கேட்டேன். "மீன் விக்கவா நான் நெலம் வாங்குனேன்?" என்றார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

பாரிட்டுக்கு மறுகரையில் ஒரு பால்காரர் இருந்தார். அறுபது வயதிருக்கும். ஆறு மாடுகள். செம்பனைக்கு அடியில் மேய்த்துவிட்டு அவற்றுக்குப் பாரிட்டில் தண்ணீர் காட்டுவார். எங்களிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "அண்ணே, மருந்தடிக்கிறதுக்கு மொத நாளு ஒரு போன் போட்டுருங்க. கட்டிப் போட்டுர்றேன். வாயில்லா ஜீவனுங்க." மச்சானும் தவறாமல் போன் போட்டு வந்தார்.

நிலத்தின் மூலையில் முனியாண்டியின் சூலம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை பூசை போட்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவார் மச்சான். பூசைக்கு முந்திய வாரம், "சாமி இருக்கிற எடம் சுத்தமா இருக்கணும்" என்று நான்கு ஏக்கருக்கும் மருந்தடிக்கக் கிளம்பினார். காவல் தெய்வம் காட்டில்தான் இருக்கும். அதற்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று காட்டைக் கருக்கும் புத்தி எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். உண்மையில் மரியாதை சாமிக்கு இல்லை, சொந்தக்காரர்களுக்கு. அவர்கள் வந்து, "தோட்டம் பெருக்குன மாதிரி இருக்கே" என்று சொல்ல வேண்டும்.

அந்த முறை அவர் கொட்டகைக்குள்ளிருந்து இரண்டு பழைய போத்தல்களை எடுத்தார். அரசாங்கம் தடை செய்த மருந்து. "இதான் லா மருந்து. காலையில அடிச்சா சாயங்காலம் கருகிரும். இப்ப விக்கிறதெல்லாம் வெறும் தண்ணி." தடை செய்த சரக்கு என்பதால் பால்காரருக்குப் போன் போடவில்லை. அவர் வந்து பார்த்தால் கேள்வி கேட்பாராம்.

அடித்து முடித்ததும் டாங்கை என் காரில் ஏற்ற வேண்டும். புதுக் கார். நாற்றம் பிடித்துக்கொள்ளுமே என்று மிச்ச மருந்தைப் பாரிட்டில் கவிழ்த்துவிட்டு, அதே தண்ணீரில் டாங்கை மூன்று தடவை அலசினேன். இத்தனைக்கும் நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ரசாயனக் கழிவுப் பிரிவில் சூப்பர்வைசர். அங்கே ஒரு சொட்டு தரையில் சிந்தினாலும் கையுறை, கண்ணாடி, மஞ்சள் நாடா, இரண்டு பக்கப் படிவம் என்று ஊரைக் கூட்டுவேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைப் பற்றி வகுப்பெடுப்பதும் நான்தான். சம்பளம் கொடுத்தால்தான் என் மூளை வேலை செய்யும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை நல்ல மழை. பிடித்து வைக்க ஒரு புல்கூட இல்லாத சரிவு கரைந்து இறங்கி, சூலத்தைச் சுற்றி முழங்கால் சேறாகிவிட்டது. சனிக்கிழமை வந்த சொந்தக்காரர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பால்காரர் பாரிட்டின் குறுக்கே போட்டிருந்த பலகையைக் கடந்து வந்தார். "அண்ணே, நம்ம செவல மாடு காலையிலேருந்து படுத்துருச்சு. வாயெல்லாம் புண்ணு. என்ன மருந்துண்ணே அடிச்சீங்க? பாரிட்டுத் தண்ணில ஏதும் கலந்துருச்சா? சொன்னா மத்ததுக்கு வேற தண்ணி காட்டுவேன்."

மச்சான் கறியை மென்றுகொண்டே சொன்னார். "சாதா மருந்துதான். பாரிட்டு பக்கமே போகல. பாம்பு தீண்டிருக்கும், பாரு." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பதை அன்றைக்குத்தான் சோற்றுத் தட்டோடு நேரில் பார்த்தேன்.

பால்காரர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க ரசாயன வேலையில இருக்கிறவரு. நீங்க சொல்லுங்க."

சுற்றிலும் மச்சானின் ஆட்கள். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணியில ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

ஞாயிறு போனது. திங்களும் செவ்வாயும் போயின. அவர் போலீசுக்குப் போனால் என் வேலை என்னாகும், மச்சான் மூஞ்சியில் எப்படி விழிப்பது என்று எனக்கு நானே காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கோழைக்குக் காரணமா கிடைக்காது? புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலையின் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பாரிட்டுத் தண்ணி காட்டாதீங்க. மருந்து டாங்க அதுல நான்தான் கழுவுனேன். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"செவல ஞாயித்துக்கிழமையே போயிருச்சு தம்பி. நேத்து சென மாடு படுத்துருச்சு. எந்திரிக்க முடியல. நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களா, அந்தத் தண்ணியத்தான் வாளியில மொண்டு மொண்டு அதுக்கு ஊட்டிக்கிட்டு இருக்கேன்."