குளிர் அறையில் மூன்று எலிகள்

வெயில் கொளுத்தும் பிரிக்பீல்ட்ஸில் தினமும் காலையில் கம்பளி ஸ்வெட்டரைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கு நிற்கிறேன். என் எட்டு மாதக் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சரோஜா ஆன்டிக்கு இது தீராத வேடிக்கை. “என்னம்மா, கெந்திங் மலைக் குளிருக்கா போறே?” என்பார். ஆராய்ச்சிக்கூடத்தின் ஏர்கோன் குளிரை அவருக்கு எப்படிச் சொல்வது?

நான் மதராஸில் கால்நடை மருத்துவம் படித்தவள். கணவரின் வேலைக்காக இங்கே வந்து, ஆராய்ச்சி ஊழியர்களுக்கு எலிகளைப் பிடிக்கவும், மயக்க ஊசி போடவும், வயிற்றைத் திறந்து தைக்கவும் கற்றுத்தருகிறேன். அங்கே மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத அறையில், தைத்த எலியை இரும்புத் தட்டிலேயே விட்டுவிடுவோம். ஒரு மணி நேரத்தில் எழுந்து மீசையைத் துடைக்கும். அதையே இங்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஜைனப் என்ற மலாய்ப் பெண் பந்திங் என்ற ஊரிலிருந்து வந்தவள். என் பயிற்சியில் தேறினால்தான் அவளுடைய வேலை நிரந்தரம். மற்றவர்கள் முடித்துவிட்டுத் தேநீருக்குப் போன பிறகும், நான் சொன்னபடியே ஒவ்வொரு தையலாக நிதானமாகப் போட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய மூன்று எலிகள் அடுத்தடுத்து எழவேயில்லை. மயக்க மருந்தை அதிகமாக ஏற்றிவிட்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “யா, புவான்” என்றாள், ‘ஆமாம் மேடம்’ என்று மலாயில். ஒப்புக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஆசிரியரை மறுத்துப் பேசுவதை அவள் மரியாதைக் குறைவாக நினைப்பவள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியவில்லை. ‘தேறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, ஏர்கோன் போட்ட ஆபீஸ் காரில் ஆன்டி வீட்டு வாசலில் வந்து இறங்கிய கையோடு குழந்தையைத் தூக்கினேன். வீறிட்டான்.

“ஐயோ, கை ஐஸ் மாதிரி இருக்கு லா! தேச்சிட்டுத் தூக்கும்மா. சின்ன உடம்பு, தாங்குமா?” என்றார் ஆன்டி.

சின்ன உடம்பு. அந்த நொடியே எனக்கு அந்த இரும்புத் தட்டு நினைவுக்கு வந்தது. மயங்கிக் கிடக்கும் எலியால் குளிரில் நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளக்கூட முடியாது. எல்லாரையும்விட நிதானமாகத் தைத்தவளின் எலிகள்தான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் அதில் கிடந்தன. பக்கத்தில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மறுநாள் ஓர் எலிக்கு அவள் ஏற்றிய அதே அளவு மருந்தை ஏற்றி, அவள் எடுத்துக்கொண்ட நேரமே எடுத்துத் தைத்தேன். தட்டுக்கடியில் மட்டும் வெந்நீர்ப் பை வைத்தேன். எழுந்துவிட்டது. தவறு என்னுடையது என்று மேலதிகாரியிடம் எழுதிக்கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, அந்தப் பெண் ஊருக்கே போய்விட்டாள் என்றார். என் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

இப்போது மாலையிலும் பஸ்ஸில்தான் வருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் புழுக்கத்தில் கைகள் சூடாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் ஆன்டி வீட்டு வாசலில் நின்று தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். மதராஸில் இந்தக் கைகளை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. ஆன்டியின் தோளில் இருந்தபடியே குழந்தை என்னைப் பார்க்கிறான், இவளிடம் போகலாமா என்று யோசிப்பதுபோல.