ஓரிடத்தில் நிற்காத சப்ளையர்

சிறுநீரகம் பழுதான நண்பனின் சிகிச்சைக்கு உதவி திரட்டும் நடைபயணத்தைக் காரைக்காலில் தொடங்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். கடற்காற்று நல்லது என்றேன். மனதில் இருந்தது ஒயின் கடைகள். முந்தின நாளே நாங்கள் நால்வரும் வந்து, கடை கடையாக ஏறி இறங்கி, மூன்றாவது பாரில் உட்கார்ந்தோம்.

அங்கே ஒரு சப்ளையர். ஒல்லியான உடம்பு, கணுக்காலுக்கு மேல் சுருட்டிவிட்ட பேண்ட். ஒரு நிமிஷம் நிற்கமாட்டார். கேட்காத மேசைக்கும் தண்ணீர் வைத்துவிட்டு வருவார். அவரைப் பார்த்தே எனக்குக் கால் வலித்தது.

"நாளைக்கு எதுவரைக்கும் சார் நடக்குறீங்க?" எங்கள் பேச்சு காதில் விழுந்து கேட்டார்.

"திருமலைராயன்பட்டினம் வரைக்கும். கிட்னி போன நண்பனுக்காக. முடியிற இடத்துல அவன் உக்காந்திருப்பான்."

அவர் எங்கள் பாட்டில்களைப் பார்த்தார். "அவரு பங்கையும் சேத்துக் குடிக்கிறீங்களாக்கும். காலையில எந்திரிப்பீங்களா?"

"ஆறு மணிக்கு பீச்சுலதான் தொடங்குறோம், வந்து பாருங்க!" என்று சவால் விட்டேன்.

வந்து பார்த்திருக்கிறார். எங்களைக் காணாமல், தானே முழுத் தூரமும் நடந்திருக்கிறார். நான் கண் விழித்தபோது மணி பத்து. முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவர் ஏன் நடந்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

நண்பன் சாயங்காலம் போனில் சொன்னான்: "உங்களுக்கு நாலு நாற்காலி போட்டு வச்சிருந்தேன். அவரு ஒருத்தர்தான் வந்தாரு. ஒண்ணுலயும் உக்காரல. அடுத்த தடவையும் அவரையே அனுப்புங்கடா."