பூநகரியில் ஒரு பிரெஞ்சு வினைச்சொல்

சண்டை ஓய்ந்திருக்கும் வருஷம். பூநகரிச் சந்தி வெயிலில் அரைத் தூக்கத்தில் கிடக்கிறது. பஸ் வரும் என்கிறார்கள்; எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்தில் நிற்கும் இளம்பெண் கொப்பியைப் பார்த்து முணுமுணுக்கிறாள்.

"நூ… ஸா… தோன்… தோன்…"

'நாங்கள் காத்திருக்கிறோம்' என்பதற்கான பிரெஞ்சு. அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, அசை அசையாகக் கோடு கீறிப் பிரித்திருக்கிறாள். நான் பாரிசிலிருந்து வந்தவன் என்றதும் கொப்பியை நீட்டுகிறாள்.

"அண்ணை, நான் சொல்லுறது சரியோ?"

"சரிதான் தங்கச்சி. ஏன் ஒவ்வொரு அசைக்கும் இடையிலை இவ்வளவு நேரம் நிப்பாட்டுறியள்?"

"அவர் அப்பிடித்தான் சொல்லுறார்."

பாரிசிலிருக்கும் கணவர் கசெற்றில் பேசி அனுப்பியிருக்கிறாராம். ஒவ்வொரு அசைக்கும் பிறகு, அவள் திருப்பிச் சொல்வதற்கு இடம் விட்டிருக்கிறாராம். விசா இன்னும் வரவில்லை.

"எத்தினை வினைச்சொல் பாடமாக்கிட்டியள்?"

"இது ஒண்டுதான். ஆறு மாசமாச்சு."

தூரத்தில் செம்புழுதி எழும்புகிறது. பஸ்தான். அவள் கொப்பியை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறாள்.

"அந்த இடைவெளியிலை அவர் மூச்சு விடுறது கேக்கும் அண்ணை. நான் எங்கை திருப்பிச் சொல்லுறன்? அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பன்."