நீலமணி மாலையைக் கழற்றாத நிபியா

மொந்தேவிதேயோவில் நகரப் பேருந்து ஓட்டியவள் நிபியா. அவள் வண்டியில் நான் கண்டக்டர். தொழிற்சங்கக் கூட்டத்தில் அவள் பேச எழுந்தால் நிர்வாகத்தார் தண்ணீர் டம்ளரைத் தேடுவார்கள்.

ஒருமுறை அவள் கணவனின் மீன்பிடிப் படகு கவிழ்ந்து, மறுநாள் விடியலில் அவன் உயிரோடு கரை ஒதுங்கினான். அன்றிலிருந்து அவள் கடலம்மா யெமான்யாவின் மகள். பிப்ரவரி இரண்டு, அம்மாவின் நாள். வெள்ளை உடுத்தி, நீலமணி மாலை போட்டுக் கடற்கரைக்குப் போவாள். அந்த வருடம் ஆள் பற்றாக்குறை என்று விடுப்பு மறுத்துவிட்டார்கள். வெள்ளைப் பாவாடையும் மாலையுமாகப் பணிமனைக்கே வந்துவிட்டாள்.

மேற்பார்வையாளன் வால்டர் அவளோடு வேலைக்குச் சேர்ந்தவன்.

"என்ன வேஷம் இது? நம்ம நாட்டுல கிறிஸ்துமஸையே குடும்ப நாள்னுதான் காலண்டர்ல போடுறோம். புனித வாரத்துக்குப் பேரு சுற்றுலா வாரம். அரசாங்க ரோட்டுல ஓடுற வண்டியில சாமியா? கழட்டு அதை."

"உன் தலைக்கு மேல இருக்காரே, அவரு யாரு?"

சுவரில் ஒரு பழைய கால்பந்து அணித்தலைவரின் படம். எப்போதோ இறந்தவர். படத்தின் கீழே எந்நேரமும் சிவப்பு விளக்கு எரியும். ஆட்டம் உள்ள நாளில் வால்டர் பூ வைப்பான்.

"அது விளையாட்டு."

"செத்தவருக்கு விளக்கு, பூவு. தொட்டு முத்தம் வேற. அவரை நீ எறக்கு, இதை நான் கழட்டுறேன்."

பணிமனையே சிரித்தது. வீம்பில் வால்டர் நாற்காலியில் ஏறிப் படத்தைப் பிடித்தான். இறக்கக் கை வரவில்லை. முகம் சிவந்து இறங்கினான்.

"ஒரு வாரம் வீட்ல இரு. சம்பளம் கிடையாது."

"இருக்கேன். நாளுக்கெல்லாம் பேரு மாத்திட்டீங்க. கடலுக்கு என்ன பேரு வைக்கப் போறீங்க?"

எங்கள் வண்டி கிளம்பவில்லை. நிறுத்தத்தில், கடலம்மாவுக்குப் படைக்கத் தர்பூசணியும் நீலக் காகிதப் படகுகளுமாகக் கூட்டம் காத்திருந்தது.

"வண்டி வராது. நடங்க!" என்று நிபியா சாலை நடுவில் இறங்கினாள். எல்லோரும் பின்னால் நடந்தார்கள். மற்ற பேருந்துகள் ஹாரன் அடித்து ஓய்ந்து, எங்கள் பின்னால் ஊர்ந்தன.

நானும் நடந்தேன். திரும்பிப் பார்த்தவள், "நாத்திகனுக்கு இங்க என்னய்யா வேலை?" என்றாள்.

"டிரைவர் போற பக்கம்தானே கண்டக்டர் போகணும்."

கரையில் அவள் பாவாடை நனைய இடுப்பளவு நீரில் இறங்கித் தன் காகிதப் படகைத் தள்ளிவிட்டாள். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் உள்ளே போனாள், அது போகும்வரை விடவில்லை.

ஒரு வாரச் சம்பளம் போனது போனதுதான். மறு வருடம் அவள் விடுப்பே கேட்கவில்லை. வெள்ளை உடுத்தி, மாலையும் போட்டு வந்து வண்டியை எடுத்தாள். வால்டரே பணிமனைக் கதவைத் திறந்துவிட்டான்.